யாகுஷிமாவுக்கு எப்போது போகக் கூடாது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் யாகுஷிமா தீவைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். ஜப்பானின் கியூஷூ என்ற பெரிய தீவுக்குத் தெற்கே, நிலமுனையிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் இருக்கும் வட்டமான தீவு அது. ஆயிரம் வருடம் தாண்டிய சுகி என்ற ஊசியிலை மரங்களுக்காக 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எந்த மாதம் போகலாம்?" கியூஷூவின் தென்கோடித் துறைமுக நகரமான ககோஷிமாவில் குடியிருக்கும் எனக்கு, ஊரிலிருந்து வருகிறவர்களைக் கப்பலேற்றி அந்தத் தீவுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், எப்போது போகக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போகும் மாதம் தானாகத் தெரிந்துவிடும்.

கே: அக்கா, பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. ஏப்ரல் 30 அல்லது மே 1 வாக்கில் யாகுஷிமா போகலாம் என்று இருக்கிறோம். மழைக்காலம் ஜூனில்தானே? அதற்குள் போய் வந்துவிட்டால் நல்லதுதானே? – வாசகி, மதுரை

வேண்டாம் தங்கையே. வருடத்தின் 12 மாதங்களிலும் நான் முதலில் அடித்துவிடுவது நீங்கள் சொன்ன அந்த ஒரு வாரத்தைத்தான். ஏப்ரல் 29-இல் ஒரு அரசு விடுமுறை, மே 3, 4, 5 மூன்று நாளும் அரசு விடுமுறை. நடுவில் ஞாயிறும் சேர்ந்துவிட்டால் நாடு முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். இதற்குத்தான் கோல்டன் வீக் என்று பெயர். அந்த வாரத்தில் டோக்கியோவில் உங்களுக்கு அறை கிடைக்கலாம், கியோட்டோவில் கூடக் கிடைக்கலாம். சுமார் 12,000 பேர் மட்டும் வாழும் ஒரு தீவில் விடுதிகளும் வாடகைக் கார்களும் எத்தனை இருந்துவிடும்? பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். கார் இல்லாமல் அந்தத் தீவில் சுற்றுவது ரொம்பச் சிரமம். ஊர்ப் பேருந்து உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

அறையும் காரும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஜோமோன் சுகி என்ற பெரிய மரத்தைப் பார்க்கத்தானே எல்லோரும் போகிறார்கள்? அதன் அடிமரச் சுற்றளவு 16 மீட்டருக்கு மேல். வயது 2,000-க்கு மேல் என்பது உறுதி, 7,000 என்று சொல்பவர்களும் உண்டு. உள்ளே பொந்து விழுந்துவிட்டதால் வளையம் எண்ணிச் சொல்ல வழியில்லை. அந்த மரத்தடிக்கு எந்த வண்டியும் போகாது. அரகாவா என்ற இடத்தில் இறங்கி, போக வர 22 கி.மீ. நடக்க வேண்டும். பத்து மணி நேரம் பிடிக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை அரகாவா சாலையில் சொந்தக் கார், வாடகைக் கார் எதையும் விடமாட்டார்கள். யாகுசுகி அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பும் பேருந்தில்தான் போயாக வேண்டும். விடியுமுன்பே அங்கே வரிசை நிற்கும்.

அந்த வழி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும். முதல் 8 கி.மீ. சொச்சம் ஒரு பழைய ரயில் பாதை. 1923-இல் மரம் வெட்டி இறக்கப் போட்ட குறுகிய தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பகுதிக்குப் பலகை பதித்திருக்கிறார்கள், அதன் மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். சில பாலங்களில் கைப்பிடி கிடையாது, கீழே ஆறு. வழியில் கொசுகிதானி என்று ஒரு இடம் வரும். மரம் வெட்டும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். பள்ளிக்கூடமெல்லாம் இருந்தது. 1970-இல் காலி செய்துவிட்டார்கள். இப்போது பாசி பிடித்த படிக்கட்டுகளும் பள்ளி மைதானமும்தான் மிச்சம். அந்த இடத்தில் பத்து நிமிடமாவது சும்மா நிற்க வேண்டும். கோல்டன் வீக்கில் நிற்க முடியாது, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

தண்டவாளம் முடிந்த பிறகு செங்குத்தான மரப்படிகள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே படியில்தான் வழிவிட்டுக்கொள்ள வேண்டும். கூட்ட நாளில் இந்த இடத்தில் கால் மணி, அரை மணி என்று நின்றே கரைந்துவிடும். ஏறத் தொடங்கும் இடத்தில் இருப்பதுதான் கடைசிக் கழிப்பறை. அங்கேயும் நீள வரிசை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறிய நாட்களும் உண்டு. திரும்பும் பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று எல்லோருமே ஓடுவார்கள். மரம் மட்டும் நின்ற இடத்தில் அமைதியாக நிற்கும், அதைப் பார்க்க வந்தவர்களுக்கு அது வாய்க்காது.

ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மே 7-க்குப் பிறகு கிளம்பினால் அதே தீவு வேறு தீவாக இருக்கும். அறை கிடைக்கும், படியில் நின்று மூச்சு வாங்கலாம். நம் ஊர்ப் பள்ளிகள் ஜூனில்தானே திறக்கின்றன? மே மாதம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மே கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கே: மாதத்துக்கு 35 நாள் மழை பெய்யும் தீவு என்று படித்தேன். ஜூனில் போனால் அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா? மழை என்றால் எனக்கு உயிர். – வாசகர், நாகர்கோவில்

35 நாள் மழை என்பது ஜப்பானியர்கள் ஆசையாகச் சொல்லும் பேச்சு. ஆனால் கணக்கைப் பார்த்தால் மிகையென்றே தோன்றாது. கடற்கரையில் ஆண்டு மழை 4,500 மி.மீட்டரைத் தாண்டும். மலை உச்சிகளில் 8,000 முதல் 10,000 வரை. நம் சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400. யாகுஷிமாவின் கடற்கரையில் ஜூன் மாதம் மட்டுமே அதில் பாதி பெய்துவிடும்.

காரணம் எளிது. கீழே குரோஷியோ என்ற வெந்நீரோட்டம் தீவை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதிலிருந்து எழும் ஈரக்காற்று, கடலை விட்டு நேராக எழும் மலைகளில் மோதுகிறது. மியானோரா சிகரம் 1,936 மீட்டர், கியூஷூ வட்டாரத்திலேயே உயரமானது அதுதான். தீவின் சுற்றளவோ 130 கி.மீ. சொச்சம். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு உயரம். காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை, ஏறினால் குளிர்ந்து கொட்டிவிட வேண்டியதுதான். அதனால்தான் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டிக்கொண்டிருக்கும். தீவின் ஒரு பக்கம் நனைய மறுபக்கம் காய்ந்திருப்பதும் சாதாரணம். காலையில் விடுதி ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து மலைக்குத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே அந்த மரங்கள் இருப்பதே இந்த மழையால்தான். தீவின் பெரும்பகுதி கருங்கல் பாறை, மேலே மெல்லிய மண். சத்துக் குறைவு என்பதால் சுகி மெதுவாக வளர்கிறது, வளையங்கள் நெருக்கமாக விழுகின்றன, மரத்துக்குள் பிசின் ஊறி ஊறி உளுத்துப் போகாமல் நிற்கிறது. ஆயிரம் வயது தாண்டினால்தான் அங்கே அதை யாகுசுகி என்றே சொல்வார்கள், மற்றதெல்லாம் சின்ன சுகி. தீவுக்கு வேண்டிய மின்சாரமும் ஏறக்குறைய முழுவதும் இதே மழைத் தண்ணீரில் எடுப்பதுதான். ஆகவே மழையே கூடாது என்று நினைக்கிறவர் அந்தத் தீவுக்கே போக வேண்டாம். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெற்குக் கியூஷூவில் மழைக்காலம் சராசரியாக மே 30 வாக்கில் தொடங்கி ஜூலை 15 வாக்கில் முடிகிறது. சில ஆண்டுகளில் மே நடுவிலேயே தொடங்கிவிடும். இந்த நாட்களில் பாசிக் காடு இருக்கும் அழகு வேறு எப்போதும் இராது. ஷிராதானி உன்சுய்கியோ என்ற பள்ளத்தாக்கில் பாறை, வேர், விழுந்த மரம், கைப்பிடிக் கயிறு எல்லாவற்றின் மேலும் பாசி. மழை நின்று ஐந்து நிமிடம் ஆனதும் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பாசி நுனியிலும் ஒரு துளி தொங்கும், வெளிச்சம் பட்டதும் தரை முழுக்கப் பச்சையாக ஒளி விடும். வெயில் நாளில் போகிறவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. ஓகோ அருவி 88 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நல்ல மழைக்கு மறுநாள் போனால் அடியில் நின்று பேச முடியாது, அத்தனை சத்தம்.

நாகாதா கடற்கரையில் ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் மே முதல் ஜூலை வரைதான். பெருந்தலை ஆமை என்று நம் கடற்கரையில் சொல்வார்களே, அதுதான். வட பசிபிக்கில் அவை முட்டையிடும் மிக முக்கியமான இடங்களில் இது ஒன்று. இரவில் இஷ்டத்துக்கு மணலில் இறங்கக் கூடாது. விளக்கடித்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். உள்ளூர்க்காரர்கள் நடத்தும் பார்வையிடலில் முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019 மே 18 அன்று பேய்மழை கொட்டி அரகாவா சாலையில் பல இடங்களில் மண் சரிந்தது. மலையேறிவிட்டுத் திரும்பிய 200-க்கும் மேற்பட்டவர்கள் கீழே இறங்க முடியாமல் அன்றிரவு மலையிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் மீட்புப் படையினர் வந்து கூட்டிவந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதாக அறிவிப்பு வருவதற்கு முன்பே நடந்தது இது என்பதைக் கவனியுங்கள். ஷிராதானியிலும் ஓடை குறுக்கிடும் இடங்கள் உண்டு. போகும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் திரும்பும்போது இடுப்பளவு இருக்கலாம். பாதையை மூடிவிட்டார்கள் என்றால் மூடியதுதான். காவலாளியிடம் கெஞ்சுவது, பக்கவாட்டில் நுழைவது எல்லாம் கூடவே கூடாது. வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. உயிரோடு விளையாடுகிற விஷயம் இது.

மழை உங்களுக்கு உயிர் என்பதால் ஜூனில் போங்கள். நான்கு இரவாவது தங்குங்கள். குடையை நம்பாதீர்கள், மலையில் அது உதவாது, கையையும் கட்டிப்போட்டுவிடும். மேலுக்கும் காலுக்கும் தனித்தனியாக உள்ள மழையுடை வேண்டும். தீவில் உள்ள அன்போ, மியானோரா என்ற ஊர்களில் வாடகைக்கே கொடுக்கிறார்கள், காலணியும் சேர்த்து. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மேலே கடற்கரையைவிடப் பத்து டிகிரி வரை குளிரும், நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூனிலும் நடுங்கி விறைத்துப்போகலாம்.

கே: அட்டை கடிக்குமா? – வாசகர், பொள்ளாச்சி

உண்டு. வால்பாறைப் பக்கம் நடந்து பழகியவருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈர மாதங்களில், தாழ்வான காட்டுப் பகுதியில் கவனம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணியும் இருக்கிறது, இரவில் குளிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை தருகிறார்கள். அதை விட்டால் எனக்கு நீண்ட லீவு கிடையாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து யாகுஷிமா போகலாமா? – வாசகர், டோக்கியோ

உங்கள் நிலைமை புரிகிறது தம்பி. ஓபோன் என்பது ஆகஸ்ட் 13 முதல் 16 வரை, முன்னோர் வீட்டுக்கு வருவதாக நம்பி எல்லோரும் சொந்த ஊர் திரும்பும் காலம். யாகுஷிமாக்காரர்களின் பிள்ளைகளும் ககோஷிமாவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் அப்போதுதான் வீட்டுக்கு வருகிறார்கள். கப்பலில் உங்களுக்கு ஓர் இடம் என்றால் யாரோ ஒரு பாட்டியின் பேரனுக்கு அந்த இடம் இல்லை. இது என் மனசில் உள்ளது, சட்டமில்லை. ஆனால் கோல்டன் வீக்குக்கு அடுத்தபடியாக நெரிசலும் விலையும் ஏறும் காலம் இதுதான்.

கூட்டத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். புயலை என்ன செய்வது? ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டும் புயல் மாதங்கள். தெற்கிலிருந்து கிளம்பி வடக்கே திரும்பும் புயல்களுக்கு யாகுஷிமா வழியிலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த 10-ஆம் எண் புயலில், ஷிராதானியில் நின்ற யாயோய் சுகி அடியோடு முறிந்து விழுந்தது. ஏறக்குறைய 3,000 வயது என்று மதிப்பிட்ட மரம், 26 மீட்டர் உயரம். நுழைவாயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருந்ததால், ஜோமோன் சுகிக்கு நடக்க முடியாத பெரியவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன். அதன் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்ட நம் ஊர் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புயல் தீவைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. எங்கோ தள்ளி நின்றாலே அலை எழும்பிவிடும். ககோஷிமாவிலிருந்து போக இரண்டு வகைக் கப்பல் இருக்கிறது. விசைப்படகு இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அலைக்கு முதலில் நிறுத்துவது அதைத்தான். பெரிய கப்பல் நான்கு மணி நேரம், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் விமானம், சின்ன விமானம்தான், காற்றடித்தால் அதுவும் நிற்கும். மூன்றும் நின்றுவிட்டால் வெளியே வர வழியே இல்லை. கடையில் ரொட்டியும் பாலும் முதல் நாளே காலியாகிவிடும், சரக்கு வருவதும் அதே கடல் வழியாகத்தானே.

லீவு கிடைப்பதே அப்போதுதான் என்றால் ஒன்று செய்யுங்கள். அலுவலகத்தில் பேசி நவம்பர் தொடக்கத்தில் வரும் ஒரு விடுமுறையோடு இரண்டு நாளைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கவே மாட்டார்கள் என்றால், ஓபோனுக்கு மலைநாட்டுப் பக்கம் எங்காவது போய்வாருங்கள். யாகுஷிமாவை அடுத்த வருடம் மே நடுவில் ஒரு வெள்ளி, திங்கள் லீவு போட்டுப் பார்க்கலாம். டோக்கியோவில் இருக்கிறவருக்கு அது ஒரு தூரமே இல்லை.

கே: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். கூட்டமே வேண்டாம். ஜனவரியில் போனால் என்ன? – வாசகி, கோயம்புத்தூர்

கூட்டம் இருக்காது, விடுதி வாடகையும் குறையும். ஆனால் அம்மா, வெயில் நாட்டுத் தீவு என்று நினைத்து மெல்லிய துணியோடு போய்விடாதீர்கள். கடற்கரையில் 11, 12 டிகிரி இருக்கும். மலையில் பனி விழுந்து கட்டி நிற்கும். ஜப்பானில் இவ்வளவு தெற்கே பனி படியும் இடம் வேறு இல்லை. உச்சிகளில் மார்ச் வரைகூடக் கிடக்கும். ஜோமோன் சுகி வழியில் படிகள் உறைந்துவிட்டால், பனியில் நடந்து பழக்கம் இல்லாத யாருமே அங்கே கால் வைக்கக் கூடாது. அரகாவா சாலையையே மூடிவிடும் நாட்களும் உண்டு. வடமேற்குக் காற்று அடித்தால் விசைப்படகு நிற்கும், குளிர்காலத்தில் அது அடிக்கடி நடக்கும்.

ஆனால் உங்களுக்கு மலை ஏற வேண்டும் என்ற எண்ணமே இல்லையென்றால் பிப்ரவரியைப் பாருங்கள். தான்கான் ஆரஞ்சு அப்போதுதான் பறிப்பார்கள். தோல் சொரசொரப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத பழம். ஒரு சுளை வாயில் போட்டால் நாக்கில் நிற்கும் அந்த இனிப்பு. சாலையோரம் ஆள் இல்லாத சின்னச் சாவடியில் பை கட்டி வைத்திருப்பார்கள், பெட்டியில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஹிராவுச்சி என்ற ஊரில் கடலுக்குள்ளேயே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை, பாறைக் குழிகள் வெளியே தெரியும். ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கும் திறந்த வெளி என்பதால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், தூர நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தங்கும் விடுதிகளில் தனி வெந்நீர்க் குளியல் இருக்கிறது.

மரம் பார்க்காமல் வர மனசு வராது இல்லையா? யாகுசுகி லாண்ட் என்ற காட்டுப் பூங்காவில் அரை மணி நேரத்தில் சுற்றி வரும் பலகைப் பாதை உண்டு. அதைத் தாண்டி மேலே போனால் சாலை ஓரத்திலேயே கிகென் சுகி நிற்கிறது. அதுவும் 3,000 வயது என்கிறார்கள். காரை விட்டு இறங்கினால் போதும். ஆனால் அந்தச் சாலையும் பனியில் மூடலாம் என்பதால், முதல் நாள் மாலையே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு எந்தக் காலம் கஷ்டம்? – வாசகி, சென்னை

எந்தக் காலமும் கொஞ்சம் கஷ்டம்தான், கூட்ட நாளிலும் புயல் நாளிலும் ரொம்பக் கஷ்டம். தீவின் பெருமையே பறக்கும் மீன், இறக்கையை விரித்தபடி பொரித்து முழுசாகத் தட்டில் வைப்பார்கள். காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் உலர்ந்த மீன் சாறு இருக்கும். நகரங்களில் மூலைக்கு மூலை பார்க்கும் பெரிய கடைச் சங்கிலிகள் அங்கே கிடையாது. ஊர்க்கடைகள்தான், மாலையில் சீக்கிரம் மூடிவிடும். சமையலறையோடு கூடிய வீடு பிடியுங்கள். அரிசி, தயிர், முட்டைக்கோஸ், கேரட், தோஃபு எல்லாம் கடையில் கிடைக்கும். பருப்பும் மிளகாய்ப்பொடியும் கையோடு கொண்டுபோங்கள். மலையேறுகிறவர்களுக்கு விடிகாலையில் பெட்டிச் சாப்பாடு கட்டித் தரும் கடைகள் இருக்கின்றன, முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். மீன் இல்லாமல், உப்பில் ஊறிய உமே காய் வைத்த சோற்று உருண்டை மட்டும் போதும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். சாதாரண நாளில் செய்து தருவார்கள். கோல்டன் வீக்கில் அதைக் கேட்கவே அவர்களுக்கு நேரமிருக்காது.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எப்போதுதான் போவது? – வாசகர், தஞ்சாவூர்

மே 7 முதல் 25 வரை. அது முடியாவிட்டால் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் கடைசி வரை. புயல் பெரும்பாலும் அடங்கிவிடும், காற்று தெளிவாக இருக்கும், அரகாவா பேருந்தும் ஓடும். மே கடைசியில் யாகுஷிமாவுக்கே உரிய காட்டு ரோடோடென்ட்ரான் செடி உச்சிகளில் பூக்கும், மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. மழைக்காலம் தொடங்குவதற்கும் அது பூப்பதற்கும் ஒரு போட்டி.

கே: ஒசாகாவில் ஒரு கருத்தரங்குக்கு வருகிறேன், நவம்பர் இரண்டாவது வாரம். முடிந்ததும் ஒரு நாள் கையில் இருக்கிறது, மறுநாள் ஊருக்கு விமானம். ஜோமோன் சுகி பார்த்துவிடலாமா? – வாசகர், பெங்களூரு

மாதம் நல்ல மாதம்தான், ஆனால் உங்கள் திட்டம் நடக்காது. மலைப் பேருந்து விடியுமுன் கிளம்பிவிடும். அன்று காலையில் எந்தக் கப்பலில், எந்த விமானத்தில் வந்தாலும் அதைப் பிடிக்க முடியாது. முதல் நாள் தீவில் தூங்க வேண்டும், இரண்டாம் நாள் ஏற வேண்டும், இறங்கி வரும்போது மாலையாகிவிடும், அன்றும் தீவில்தான் தூங்க வேண்டும். குறைந்தது இரண்டு இரவு. அதற்கு மேல் ஒரு நாளைச் சும்மா ஒதுக்கி வையுங்கள். மழையில் பாதை மூடினால் அந்த நாளில் ஏறலாம், கப்பல் நின்றால் அந்த நாளில் திரும்பலாம், ஒன்றும் நடக்காவிட்டால் ஓகோ அருவியடியில் உட்கார்ந்திருக்கலாம். வருடத்தில் எந்த மாதமானாலும் சரி, மறுநாள் ஊருக்கு விமானம் என்று டிக்கெட் போட்டுவிட்டு அந்தத் தீவுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் மிகக் கெட்ட காலம். துறைமுகத்தில் "இன்று கப்பல் இல்லை" என்ற அட்டையின் முன்னால் பெட்டியோடு கண் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கருத்தரங்குக்குப் பின் நான்கு நாள் விடுப்புச் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். முடியும் என்றால் ஒசாகாவின் இதாமி விமான நிலையத்திலிருந்து யாகுஷிமாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, இருக்கை குறைவு, முந்திக்கொள்ளுங்கள். மலைப் பாதுகாப்புக்கென்று ஒரு நாளைக்கு ஆயிரம் யென் நன்கொடை கேட்பார்கள், மலையிலேயே தங்கினால் இரண்டாயிரம். கட்டாயமில்லை என்பதால் சிலர் கொடுக்காமல் போகிறார்கள். நீங்கள் கொடுத்துவிடுங்கள், மலைக் கழிப்பறைகளின் கழிவை ஆட்கள் முதுகில் சுமந்து இறக்குவதற்கு அந்தப் பணம்தான் போகிறது.